ஜெர்மன் ரொட்டியும் காலைச் சாப்பாடும்: புதிதாக வந்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

படிப்புக்கோ வேலைக்கோ ஜெர்மனியில் வந்து இறங்கும் நம்மவர்கள் முதல் சில வாரங்களில் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். நான் ஸ்டுட்கார்ட் பக்கம் இருப்பதால் தென்ஜெர்மனி வாடை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த ஊர் ரொட்டியைக் காய்ச்சல் வந்தால் பாலில் தொட்டுச் சாப்பிடும் பண்டமாகப் பார்க்காமல், ஒரு வேளை முழுச் சாப்பாடாகப் பாருங்கள். கீழே உள்ள கேள்விகளில் பாதி அப்போதே தெளிவாகிவிடும்.

ரொட்டி ஏன் இவ்வளவு கெட்டியாக, புளிப்பாக இருக்கிறது? பழசைக் கொடுத்துவிட்டார்களா?

இல்லை, அது அப்படித்தான் இருக்க வேண்டும். காரணம் ரை என்ற தானியம். இங்கே அதற்குப் பெயர் ரோகன். வடக்கு, கிழக்கு ஜெர்மனியின் மணல் கலந்த மண்ணிலும் குளிரிலும் கோதுமையை விட ரை நன்றாக விளைந்தது. அதனால் நூற்றாண்டுகளாக ஏழை எளியவர்களின் ரொட்டி ரை ரொட்டிதான்.

கோதுமை மாவைப் பிசைந்தால் பசைத்தன்மை வந்து வலை போல இழுபடும், காற்றைப் பிடித்துக்கொண்டு உப்பும். ரை மாவில் அந்த வலை சரியாக உருவாகாது. போதாததற்கு, ரையில் உள்ள நொதிகள் அடுப்புச் சூட்டிலும் மாவுச்சத்தை உடைத்துக்கொண்டே இருக்கும். அப்படியே சுட்டால் உள்ளே பிசுபிசுப்பாகக் களி போல நின்றுவிடும். மாவைப் புளிக்க வைத்தால் அந்த அமிலம் நொதிகளை அடக்கி, ரொட்டிக்கு ஒரு கட்டுக்கோப்பைக் கொடுக்கிறது. ஆக, புளிப்பு ருசிக்காக மட்டும் சேர்த்ததல்ல. அது இல்லாமல் ரை ரொட்டியே கிடையாது. புளித்த மாவை ஸவர்டைக் என்பார்கள். நேற்றைய தோசை மாவில் கொஞ்சம் எடுத்து இன்றைய மாவில் கலப்பது போல, பேக்கரிக்காரர்களும் பழைய மாவில் ஒரு பங்கை எடுத்து வைத்து நாள்தோறும் ஊட்டி வளர்க்கிறார்கள்.

கெட்டி ரொட்டியைத் தடிமனாக வெட்டிக் கடித்தால் தாடை வலிக்கும். விரல் தடிமனுக்கும் குறைவாக வெட்டி, வெண்ணெயை ஓரம் வரைக்கும் தடவி, மெதுவாக மென்று சாப்பிடுங்கள். மெல்ல மெல்ல லேசான இனிப்பு வரும்.

பேக்கரியில் இருபது வகை அடுக்கி வைத்திருக்கிறார்கள். எதில் ஆரம்பிப்பது?

பெயரைப் படிக்கத் தெரிந்தால் போதும். ஜெர்மனியில் ரொட்டியின் பெயருக்கு விதிமுறை உண்டு. மாவில் 90 சதவீதமாவது கோதுமையாக இருந்தால் அது வைட்ஸன்ப்ரோட். 90 சதவீதமாவது ரையாக இருந்தால் ரோகன்ப்ரோட். இரண்டும் கலந்தது மிஷ்ப்ரோட். அதில் கோதுமை பாதிக்கு மேல் என்றால் வைட்ஸன்மிஷ்ப்ரோட், ரை பாதிக்கு மேல் என்றால் ரோகன்மிஷ்ப்ரோட். ஃபோல்கோர்ன் என்று போட வேண்டுமானால் 90 சதவீதமாவது முழுத்தானிய மாவு இருக்க வேண்டும். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தானியங்கள் சேர்ந்தது மேர்கோர்ன்.

முதல் மாதம் வைட்ஸன்மிஷ்ப்ரோட் வாங்குங்கள். நாக்கு பழகியதும் ரோகன்மிஷ்ப்ரோட், பிறகு ஃபோல்கோர்ன். எடுத்த எடுப்பில் கன்னங்கரேலென்ற ஒன்றை வாங்கிவந்து, அதைக் குப்பையில் போட்டுவிட்டு, அப்புறம் வருடக்கணக்கில் டோஸ்ட் பிரெட்டை மட்டுமே சாப்பிடுபவர்களைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும். படிப்படியாகப் போனால் எல்லோருக்கும் பிடிக்கக்கூடிய சாப்பாடு இது.

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். வறுத்த மால்ட் (முளைகட்டிய தானியம்) சேர்த்தால் கோதுமை ரொட்டியும் கறுப்பாகும். மேலே விதை தூவியிருந்தால் முழுத்தானியம் என்றும் அர்த்தமில்லை. ஃபோல்கோர்ன் என்ற சொல் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். டிங்கெல் என்று எழுதியிருப்பது கோதுமையின் பழைய உறவான ஒரு தானியம். தென்மேற்கில் அதற்கு மவுசு அதிகம், ருசியும் மென்மை. ஆனால் அதிலும் குளூட்டன் என்ற பசைப்புரதம் உண்டு. குளூட்டன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது மாற்று அல்ல.

3,000 வகை ரொட்டி இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

ஜெர்மன் ரொட்டி நிறுவனம் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. அதில் 3,000-க்கும் மேற்பட்ட வகைகள் பதிவாகியுள்ளன. வெவ்வேறு பேக்கரிகள் தங்கள் கைப்பக்குவத்தைப் பதிந்ததால் வந்த எண்ணிக்கை அது. ஒரே ஊரில் அத்தனையும் கிடைக்காது. 2014-ல் ஜெர்மானிய யுனெஸ்கோ ஆணையம் இந்த ரொட்டிப் பண்பாட்டை நாட்டின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மே 5-ஆம் தேதியை ஜெர்மன் ரொட்டி தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

இவற்றில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும்: வெஸ்ட்ஃபாலியா பகுதியின் பும்பர்நிக்கெல். உடைத்த ரை தானியத்தில் செய்வது. குறைந்தது 16 மணி நேரம், மிதமான சூட்டில், மூடிய அச்சில் வேக வேண்டும் என்பது விதி. அவ்வளவு நேரம் வேகும்போது தானியத்தின் சொந்தச் சர்க்கரையே கறுத்து, இனிப்பும் லேசான கசப்பும் கலந்த ருசி வரும். மேலே கரகரப்பான தோல் கிடையாது. சூப்பர்மார்க்கெட்டில் மெல்லிய சதுரத் துண்டுகளாகப் பொட்டலத்தில் கிடைக்கும். உப்புள்ள பாலாடைக்கட்டியோடு சாப்பிட்டுப் பாருங்கள்.

கவுண்டரில் எப்படிக் கேட்பது? பின்னால் வரிசை நிற்கிறது, பதற்றமாக இருக்கிறது.

பதற வேண்டாம். கையால் காட்டினாலே போதும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முழு ரொட்டி பெரிதாகத் தெரிந்தால் “ஐன் ஹால்பெஸ், பிட்டெ” என்றால் பாதி தருவார்கள். தனியாக இருப்பவர்கள் பாதி வாங்குவதே நல்லது. அடுத்து “கெஷ்னிட்டென்?” என்று கேட்பார்கள். இயந்திரத்தில் துண்டு போட வேண்டுமா என்று அர்த்தம். வேண்டுமென்றால் “யா, பிட்டெ”. முழுதாகவே வேண்டுமென்றால் “ஆம் ஷ்ட்யூக்”. துண்டு போடாமல் வாங்கினால் ரொட்டி அதிக நாள் நன்றாக இருக்கும், ஆனால் வீட்டில் பல் வைத்த நீளக் கத்தி வேண்டும். கடைசியாக “ஸோன்ஸ்ட் நோக் வாஸ்?” என்பார்கள், வேறேதும் வேண்டுமா என்று. கையில் கொஞ்சம் சில்லறை வைத்திருங்கள். கார்டு வாங்காத சிறு பேக்கரிகள் இன்னும் உண்டு.

சின்ன ரொட்டிக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறுகிறதே?

ஆமாம், அதில் அவர்களுக்குப் பெருமையும் உண்டு. பொதுப்பெயர் ப்ரோட்ஷன். பெர்லினில் ஷ்ரிப்பே, ஹாம்பர்க்கில் ருண்ட்ஷ்ட்யூக், பவேரியாவில் ஸெம்மல், எங்கள் ஷ்வாபன் பக்கம் வெக்லெ. எங்கே போனாலும் ப்ரோட்ஷன் என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். அந்தந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் ஒரு சிரிப்பு கூடுதலாகக் கிடைக்கும்.

காலைச் சாப்பாட்டு மேசையில் என்னதான் இருக்கும்?

வேலை நாளில் பெரிதாக ஒன்றும் இருக்காது. காபியும் ஒரு துண்டு ரொட்டியும், இல்லையென்றால் தயிரில் முயெஸ்லி என்ற ஓட்ஸ், உலர்பழக் கலவை. பலர் வீட்டில் சாப்பிடாமலே கிளம்பி, போகிற வழியில் பேக்கரியில் எதையாவது வாங்கிக் கடித்துக்கொண்டே ரயில் ஏறுவார்கள். ஆறு மணிக்கே பேக்கரிகள் திறந்திருப்பது அதனால்தான்.

சனி, ஞாயிறு வேறு கதை. வீட்டில் ஒருவர் எழுந்து போய்ச் சூடான ப்ரோட்ஷன் பை நிறைய வாங்கிவருவார். மேசையில் வெண்ணெய், பழ ஜாம், தேன், நுட்டெல்லா, இரண்டு மூன்று வகைப் பாலாடைக்கட்டி, மெல்லியதாகச் சீவிய இறைச்சித் துண்டுகள், வேகவைத்த முட்டை, தக்காளி, வெள்ளரி எல்லாம் பரப்பியிருக்கும். க்வார்க் என்றொரு கெட்டியான, புளிப்புக் குறைந்த தயிர் மாதிரியான பொருளும் இருக்கும். அதில் கீரைத்தழை நறுக்கிப் போட்டது ரொட்டிக்குப் பிரமாதம். ஒன்பது, பத்து மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க மதியமாகிவிடும். இந்த நாட்டு மனிதர்கள் மனம் விட்டுப் பேசி நான் அதிகம் கேட்டது அந்த மேசைகளில்தான். யாராவது ஞாயிறு காலைச் சாப்பாட்டுக்கு அழைத்தால் தட்டாமல் போங்கள்.

சாப்பிடும் முறை: ப்ரோட்ஷனைக் கிடைமட்டமாக இரண்டாக அறுத்து, ஒவ்வொரு பாதியிலும் தனித்தனியாகத் தடவி, திறந்தபடியே சாப்பிடுவார்கள். ஒரு பாதியில் பாலாடைக்கட்டி, மறுபாதியில் ஜாம் என்பது சாதாரணம். இரண்டையும் மூடி அமுக்குவது வழியில் எடுத்துப் போவதற்கு மட்டும். தட்டுக்குப் பதில் சின்ன மரப்பலகை வைத்தால் ஆச்சரியப்படாதீர்கள். முட்டை அதற்கான கிண்ணத்தில் நிற்கும். மேல் ஓட்டைத் தட்டி எடுத்துவிட்டுக் கரண்டியால் தோண்டிச் சாப்பிட வேண்டும். வெள்ளிக் கரண்டி முட்டையில் பட்டால் கறுத்து ருசியும் கெடும் என்பதால், முட்டைக்கென்றே பிளாஸ்டிக் அல்லது கொம்புக் கரண்டி வைத்திருப்பார்கள்.

காலையும் ஆறின சாப்பாடு, இரவும் ஆறின சாப்பாடா?

பல வீடுகளில் ஆமாம். சமைத்த சூடான சாப்பாடு மதியத்துக்கு என்பது பழைய வழக்கம். அலுவலகக் கேன்டீனில் மதியம் வயிறாரச் சாப்பிட்டுவிடுவதால், மாலை ஆறு ஏழு மணிக்கு ரொட்டி, பாலாடைக்கட்டி, ஊறுகாய் வெள்ளரி என்று முடித்துக்கொள்வார்கள். அதற்கு ஆபென்ட்ப்ரோட் என்று பெயர். இளைய தலைமுறையில் மாலை சமைப்பவர்களும் நிறைய உண்டு. ஒரு ஜெர்மன் குடும்பம் மாலைச் சாப்பாட்டுக்கு அழைத்து ரொட்டி மட்டும் வைத்தால், உங்களைக் குறைத்து மதித்ததாக நினைக்காதீர்கள். வீட்டு ஆள் போல நடத்துகிறார்கள்.

நான் சைவம். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

வெறும் ரொட்டியில் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. மாவு, தண்ணீர், உப்பு, புளித்த மாவு அல்லது ஈஸ்ட், அவ்வளவுதான். முக்கியமான விதிவிலக்கு, ப்ரேட்ஸல் என்ற முடிச்சு வடிவ ரொட்டி போல, சோடாக் காரக் கரைசலில் முக்கிச் சுடும் வகைகள். தெற்கில் சில பேக்கரிகள் அதன் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்க்கும். அதற்கு ஷ்வைனெஷ்மால்ட்ஸ் என்று பெயர். பொட்டலத்தில் இருந்தால் பொருள் பட்டியலில் தெரிந்துவிடும். கவுண்டரில் வாங்கினால் வாய்விட்டுக் கேட்க வேண்டும். ஒவ்வாமை தரும் பொருட்களின் விவரத்தைக் கடைக்காரர்கள் கேட்டால் காட்டியாக வேண்டும், ஆனால் பன்றிக் கொழுப்பு அந்தப் பட்டியலில் வராது. அதனால் பெயர் சொல்லியே கேளுங்கள்.

தடவும் பொருட்களில்தான் ஏமாற வாய்ப்பு அதிகம். டேவுர்ஸ்ட் என்பதில் தேநீர் இல்லை, அது பச்சைப் பன்றி இறைச்சியில் செய்து புகையூட்டிய பசை. லேபர்கேஸ் என்ற பெயரில் பாலாடைக்கட்டி ஒலிக்கும், ஆனால் அது முழுக்க இறைச்சி. ஷ்மால்ட்ஸ் வெண்ணெய் மாதிரி வெள்ளையாகக் கிண்ணத்தில் வரும், அது கொழுப்பு. பாலாடைக்கட்டியில் கன்றின் வயிற்று நொதி சேர்ப்பது உண்டு. அதைத் தவிர்ப்பவர்கள் “மிக்ரோபியெல்லெஸ் லாப்” என்று எழுதியதைப் பார்த்து வாங்கலாம். மஞ்சள் வட்டத்துக்குள் பச்சை வீ எழுத்து போட்ட முத்திரை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். டிஎம், ரோஸ்மன் போன்ற கடைகளிலும் கடலை, காய்கறி, சூரியகாந்தி விதைகளில் செய்த பசைகள் மலிவாகக் கிடைக்கின்றன. சைவர்களுக்கு இந்த நாடு இப்போது நிஜமாகவே வசதியான நாடு.

அசைவம் சாப்பிட்டும் பன்றியை மட்டும் தவிர்ப்பவர்களுக்கு: ஷ்வைன் பன்றி, ரிண்ட் மாடு, பூட்டெ வான்கோழி. கெஃப்ல்யூகெல் என்றால் கோழி வகை, ஆனால் அந்தப் பெயரில் வரும் சில சாசேஜ்களில் பன்றிக் கொழுப்பு சேர்ந்திருக்கும். பொருள் பட்டியலைப் படிக்காமல் எடுக்காதீர்கள்.

ப்ரோட்ஷன் மேல் பச்சை இறைச்சியைப் பார்த்தேன். நிஜமாகவே சமைக்காததா?

ஆமாம். மெட் என்பார்கள், பெர்லின் பக்கம் ஹக்கெபேட்டர். கொத்திய பச்சைப் பன்றி இறைச்சி, உப்பு, மிளகு, மேலே நறுக்கிய வெங்காயம். கடுமையான சுகாதார விதிகளுக்கு உட்பட்டது. கடையில் அரைத்தால் அன்றைக்கே விற்றாக வேண்டும். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் சாப்பிடக் கூடாது. மற்றவர்கள் விருப்பம்.

ப்ரேட்ஸல் ஊருக்கு ஊர் ஏன் வேறு மாதிரி இருக்கிறது?

ஷ்வாபன் ப்ரேட்ஸலுக்குக் கைகள் மெலிந்து மொறுமொறுப்பாகவும், வயிறு பருத்து ஒரு கீறலோடு வெடித்தும் இருக்கும். பவேரியாவில் கைகளும் தடிமன், கீறல் போடுவதில்லை. இங்கே அதை நடுவே அறுத்து வெண்ணெய் வைத்து விற்கிறார்கள். அவசரக் காலைக்கு அதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. மியூனிக்கில் ப்ரேட்ஸலோடு வெள்ளை சாசேஜும் இனிப்புக் கடுகும் சேர்த்து, மதியம் 12 மணிக்குள் சாப்பிட்டுவிடுவது மரபு.

ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கடையும் மூடியிருக்கிறது. ரொட்டிக்கு என்ன செய்வது?

பேக்கரிகள் காலையில் சில மணி நேரம் திறந்திருக்கும், எத்தனை மணி நேரம் என்பது மாநிலத்தைப் பொறுத்தது. இதுவும் எளிதில் வந்த வசதியல்ல. முதல் உலகப் போரின் நடுவே 1915-ல் வந்த இரவு நேர பேக்கிங் தடை 1996 வரை நீடித்தது. ஞாயிறு காலை புதுசாகச் சுட்ட ப்ரோட்ஷன் விற்க அனுமதி வந்ததும் அந்த ஆண்டில்தான். பிறகு 2019-ல் கூட்டாட்சி நீதிமன்றம், உட்கார்ந்து சாப்பிட மேசை போட்ட பேக்கரிகள் அந்த நேரத்துக்கு வெளியிலும் ரொட்டி விற்கலாம் என்று தீர்ப்பளித்தது. எனவே பத்து மணிக்கு மேல் எழுந்திருப்பவர்கள் மேசை நாற்காலி உள்ள பேக்கரியைத் தேடுங்கள். பெரிய ரயில் நிலையக் கடைகளும் கைகொடுக்கும்.

ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

வேண்டாம். ஃப்ரிட்ஜின் குளிரில் மாவுச்சத்து சீக்கிரம் இறுகி, ரொட்டி வேகமாகக் காய்ந்த மாதிரி ஆகிவிடும். வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி மூடியுள்ள ரொட்டிப் பெட்டியில் வையுங்கள். கோதுமை ரொட்டி இரண்டு மூன்று நாள், ரை அதிகமுள்ள புளித்த ரொட்டி ஒரு வாரம் கூட வரும். சிலவற்றுக்கு இரண்டாம் நாள்தான் ருசியே கூடும். தனியாக இருப்பவர்கள் துண்டு போட்டு வாங்கி, ஃப்ரீசரில் வைத்துக்கொண்டு, வேண்டிய துண்டை நேராக டோஸ்டரில் போடலாம். பூஞ்சை பிடித்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்து மீதியைச் சாப்பிடாதீர்கள், முழுதையும் போட்டுவிடுங்கள். மிஞ்சிய ப்ரோட்ஷனைப் பாலில் ஊறவைத்து, முட்டை சேர்த்து உருண்டை பிடித்து வேகவைப்பது தெற்கில் வழக்கம். பெயர் ஸெம்மல்க்னோடல். காளான் குழம்போடு அருமையாக இருக்கும்.

பிள்ளைக்கு டப்பாவில் இட்லி கொடுத்து அனுப்பலாமா?

தாராளமாக. கின்டர்கார்டன்களிலும் பள்ளிகளிலும் காலை ஒன்பது, பத்து மணிக்கு டப்பா திறக்கும் நேரம் உண்டு. அவர்கள் பார்ப்பது இனிப்பு இருக்கிறதா என்பதைத்தான். சாக்லேட், கேக் வேண்டாம் என்று பல இடங்களில் சொல்லிவிடுவார்கள். கொட்டை வகைகளுக்குத் தடை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சூடாக்கித் தர மாட்டார்கள் என்பதால் பொடி தடவிய இட்லி, சுருட்டிய சப்பாத்தி மாதிரி ஆறினாலும் நன்றாக இருப்பதைக் கொடுங்கள். வாரத்தில் சில நாள் வெண்ணெய் ரொட்டியும் கேரட் துண்டுகளும் கொடுத்துப் பாருங்கள். பக்கத்தில் உட்காரும் பிள்ளையோடு மாற்றிச் சாப்பிட அது உதவும்.

மாவுப் பொட்டலத்தில் 405, 550, 1050 என்று இருக்கிறதே? சப்பாத்திக்கு எது?

100 கிராம் மாவை எரித்தால் மிஞ்சும் தாதுச் சாம்பல் எத்தனை மில்லிகிராம் என்பதுதான் அந்த எண். எண் கூடக் கூடத் தவிட்டுப் பகுதி அதிகம். 405 நம் மைதாவுக்குப் பக்கம், பரோட்டாவுக்கு ஆகும். சப்பாத்திக்கு 1050 கோதுமை மாவை எடுங்கள், அல்லது ஃபோல்கோர்ன் மாவில் பாதி 550 கலந்து பிசையுங்கள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் ஊற விட வேண்டும். முழுத்தானிய மாவுக்கு எண்ணே இருக்காது.

பேக்கரி ரொட்டி விலை அதிகமாக இருக்கிறது. சூப்பர்மார்க்கெட் போதாதா?

அவசரத்துக்கும் அன்றாட ப்ரோட்ஷனுக்கும் போதும். அங்கே இருப்பது பெரும்பாலும் தொழிற்சாலையில் பாதி வெந்து வந்து கடையில் சூடேறுவது. ரொட்டிக்கு மட்டும் கைத்தொழில் பேக்கரிக்குப் போங்கள் என்பேன். கிலோ 5 யூரோவைத் தாண்டும், உண்மை. ஆனால் ஒரு கிலோ புளித்த ரொட்டி ஒருவருக்குப் பல வேளைக்கு வரும், வயிறும் நிற்கும். 1950-களில் மேற்கு ஜெர்மனியில் மட்டும் 50,000-க்கும் மேல் இருந்த பேக்கரித் தொழிலகங்கள் இன்று நாடு முழுவதும் 10,000-க்கும் கீழே வந்துவிட்டன. நடுராத்திரியில் எழுந்து மாவு பிசையும் அந்த வேலைக்குப் பிள்ளைகள் வருவதில்லை. நல்ல பேக்கரி உங்கள் தெருவில் இருந்தால் அது நீடிக்க நாமும் வாங்க வேண்டும்.

செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு: “ஃபோம் ஃபோர்டாக்” என்று எழுதிய கூடையில் நேற்றைய ரொட்டி பாதி விலைக்குக் கிடைக்கும். நல்ல பேக்கரியைக் கண்டுபிடிக்க, மாவு எத்தனை மணி நேரம் ஊறுகிறது, அதை அங்கேயே புளிக்க வைக்கிறார்களா என்று கேளுங்கள். அக்கறையோடு சுடுகிறவர் என்றால் நின்று பதில் சொல்வார். கூட்டம் குறைந்த மதியம் இரண்டு மணி வாக்கில் போனால் இன்னும் விவரமாகச் சொல்வார்.